கச்சானுக்கு ஒரு சட்டை, கொண்டலுக்கு ஒரு சட்டை

வெயிலில் தூண்டில் போடுகிறவர்களிடமிருந்து சட்டை பற்றியே வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: வார இறுதியில் கடலோரக் கற்களில் நின்று ராட் வீசுகிறேன். இத்தனை நாளும் பழைய காட்டன் சட்டைதான். கூட வருகிறவர்கள் எல்லாரும் பாலியெஸ்டர் ஜெர்சிக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அதைப் போட்டாலே பிளாஸ்டிக் பைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எது நல்லது, காட்டனா பாலியெஸ்டரா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேர்வை காயும்போதுதான் உடம்பு குளிர்கிறது. வழிந்து கீழே சொட்டுகிற வேர்வையால் ஒரு பயனும் கிடையாது.

கச்சான் தரைப்பக்கமிருந்து வருவது, வறண்ட காற்று. மேலே எது ஈரமாக இருந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த நாளில் உங்கள் காட்டன் சட்டை சுகமாகத்தான் இருக்கும்; மண்பானைக்கு வெளியே கசிகிற ஈரம் உள்ளே தண்ணீரைக் குளிர வைப்பதுபோல, மெல்லக் காய்ந்தபடியே உங்களைக் குளிர வைக்கும். கடல்பக்கமிருந்து கொண்டல் அடிக்கிற நாளில் காற்றிலேயே ஈரம் ஏறியிருக்கும். காட்டன் நனையும், ஆனால் காயாது. முதுகோடு ஒட்டும், கனக்கும், அக்குளில் உராயும். அதோடு உப்பும் சேர்ந்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

நூலின் குணம் அப்படி. பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்துக்கொள்ளாது. நைலான் நடுவில், 4 விழுக்காடு அளவில் நிற்கும். அதனால்தான் பாலியெஸ்டர் சீக்கிரம் காய்கிறது, அதே காரணத்தால்தான் சிலருக்கு அது தோலில் படும்போது பிடிப்பதில்லை.

ஆனாலும் உங்கள் பிளாஸ்டிக் பை உணர்வுக்கு நூலைவிட ஜெர்சியின் அளவுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உடம்பைப் பிடித்த மாதிரி தைத்த ஜெர்சி ஓடுகிறவருக்குச் சரி. ஓட்டமே அவருக்குக் காற்றைக் கொடுத்துவிடுகிறது. நாம் ஒரே கல்லில் மூன்று மணி நேரம் நிற்கிற ஆட்கள். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வெயிலைத் தடுக்க நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், காற்று வர நெசவு விட்டு விட்டு இருக்க வேண்டும். ஒரே துணியில் இரண்டும் சேராது. கடைக்காரர் "ரெண்டும் இருக்கு சார்" என்பார், நம்பாதீர்கள். காற்று துணியைத் துளைத்துக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை, சட்டைக்குள்ளே புகுந்து வெளியேறினால் போதும். துணி நெருக்கமாக, சட்டை தொளதொளவென்று.

அமெரிக்காவில் ஃபுளோரிடாப் பக்கம் மீன்பிடிச் சட்டை என்று விற்கிற வகையில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தோளுக்குக் கீழே முதுகில் குறுக்கே ஒரு திறப்பு, அதன் உள்ளே வலைத்துணி, அதை மூடியபடி மேலே ஒரு மடிப்பு. வெயில் உள்ளே போகாது, சட்டைக்குள் ஏறுகிற சூடான காற்று அந்த வழியாக வெளியே போய்விடும். கையை நீட்டி வீசும்போது அந்த மடிப்பு விரிந்தும் கொடுக்கும். நம் ஊர்த் தையல்காரரிடம் மாதிரியைக் காட்டினால் தைத்துக் கொடுத்துவிடுவார்.

வாங்குவதென்றால் தறியில் நெய்த மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டரில், பட்டன் வைத்த முழுக்கைச் சட்டையாக, வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். முழுக்க வலைத்துணியில் வரும் ஜெர்சி வேண்டாம். மும்முனைக் கொக்கி ஒரு தடவை அதில் மாட்டினால் எடுப்பதற்குள் நூல் நூலாக உருவிக்கொண்டு வந்துவிடும். காட்டனைத் தூக்கி எறியாதீர்கள், கச்சானுக்கு இருக்கட்டும்.

கடையில் இரண்டு சோதனை. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சம் சிரமப்பட்டாவது மூச்சு போக வேண்டும். அடுத்தது, உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் "ட்ரை ஃபிட்" என்று எழுதியிருப்பதெல்லாம் வெறும் எழுத்து. விட்டதும் பரவி ஓடினால் நல்லது. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ஆனால் ரசாயனப் பூச்சினாலேயே தண்ணீரைப் பரவவிடுகிற துணிகளும் உண்டு. நாலு மாதம் துவைத்தால் அந்தப் பூச்சு போய்விடும். நூலின் அமைப்பிலேயே வாய்க்கால் மாதிரிப் பள்ளங்கள் இருந்தால் போகாது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் வருத்தம்.

கேள்வி: யு.பி.எஃப். 50+ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 649 ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்கினேன். பழவேற்காட்டில் ஒரே நாள். தோள்பட்டை இரண்டும் சிவந்து தோல் உரிந்துவிட்டது. திருப்பி அனுப்பக் கேட்டால், "துவைத்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகர், எண்ணூர்)

பதில்: முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். 50 என்றால் துணிமேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு மட்டும் உள்ளே வரும். இந்தக் கணக்குக்கு முதலில் தரநிலை எழுதியவர்கள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், 1996இல். ஒரு சாதாரண வெள்ளைக் காட்டன் பனியனுக்கு இந்த எண் 7 அளவில்தான் இருக்கும். நனைந்தால் 3க்குப் போய்விடும். நனைந்த வெள்ளைப் பனியனில் உள்ளே தோல் தெரிகிறதே, அதே கதைதான்.

அந்தத் தரநிலைப்படி துணியை உலர்ந்த நிலையில், இழுக்காமல் வைத்துத்தான் சோதிப்பார்கள். நீங்கள் போட்டிருந்தது இழுபடுகிற பின்னல் துணியாக, சரியான அளவில் அல்லது கொஞ்சம் இறுக்கமாக இருந்திருந்தால் தோளில்தான் அதிகம் இழுத்திருக்கும். கண்ணி விரிந்து வெயில் உள்ளே வரும். தோள் மட்டும் சிவந்தது என்றீர்களே, அதனால் கேட்கிறேன்: முதுகு நன்றாக இருக்கிறதா? இருந்தால் அளவில்தான் பிழை. அடுத்தது இரண்டு சைஸ் பெரிதாக வாங்குங்கள். முதுகும் சிவந்திருந்தால் லேபிளில் எழுதியிருப்பது பொய்யாக இருக்கலாம்.

பொய் என்று நினைத்தால் விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. வெயிலைத் தடுக்கிறதா என்பது போட்டு வெயிலில் போனால்தானே தெரியும்? துவைத்ததைக் காரணம் காட்டுவது அங்கே எடுபடாது. முதல் வேலையாக அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்த 50+ காணாமல் போகக்கூடும். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, அந்த எண்ணுக்கான ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். தோல் உரிந்ததைப் பற்றி இரண்டு வரி போதும், அறிக்கையைக் கேட்பதில்தான் பிடி இருக்கிறது. அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 649 ரூபாய் சமாசாரம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

கடையில் நேரே வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலவரம்பு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் கேட்கலாம். நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் திட்டுகிறார்கள் என்பதெல்லாம் குறையில் சேராது.

கேள்வி: வெள்ளையா, கறுப்பா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒரே துணியில் இரண்டு நிறம் இருந்தால் அடர்ந்த நிறம்தான் புற ஊதாவை அதிகம் தடுக்கும். வெள்ளையில் சூடு குறைவு. நான் நடுவில் நின்று வெளிர் நீலமோ சாம்பலோ எடுக்கிறேன். மீன் கண்ணில் படாது என்றும் நீலத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள். தெளிந்த தண்ணீரில் அப்படி இருக்கலாம், நம் கழிமுகக் கலங்கலில் கொடுவா உங்கள் சட்டையை எங்கே பார்க்கப் போகிறது? நிறத்தைவிடக் காலரைக் கவனியுங்கள். கடல் நுரை கால் பங்கு புற ஊதாவைத் திருப்பி அடிக்கும், காய்ந்த மணல் 15 விழுக்காடு. கீழிருந்து வருகிற அந்த வெயிலுக்குத் தொப்பி உதவாது. தூக்கிவிட்டுக் கழுத்துவரை பட்டன் போடுகிற காலர் வேண்டும்.

கேள்வி: அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். எத்தனையோ வருஷமாக வெளுத்துப் போன முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும்தான். எனக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது, முதல் சம்பளத்தில் 3,200 ரூபாய்க்கு நல்ல மீன்பிடிச் சட்டை வாங்கித் தர ஆசை. எந்தச் சட்டை வாங்கலாம்? (வாசகர், தொண்டி)

பதில்: தம்பி, அந்த வகைச் சட்டை ராட் பிடிக்கிறவருக்காகத் தைத்தது. பெரிய பெரிய பைகள், ராட் மாட்ட வளையம், கை சுருட்ட ஒரு பட்டை. வலை இழுக்கிறவர் அதைப் போட்டால் ஒவ்வொரு பட்டனிலும் வளையத்திலும் கண்ணி போய் மாட்டும். கடலில் வலை ஓடும்போது சட்டை மாட்டுவது விளையாட்டல்ல. அப்பா பீடி குடிப்பாரென்றால் இன்னொன்று: பாலியெஸ்டரில் ஒரு பொறி விழுந்தால் போதும், ஓட்டைதான். தவிர, சட்டையின் விலை 2,500 ரூபாயைத் தாண்டினால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதற்குள் என்றால் 5.

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள். பை, பட்டன் எதுவும் இல்லாத, கொஞ்சம் தொளதொளப்பான முழுக்கை டி-ஷர்ட், காட்டனும் பாலியெஸ்டரும் கலந்ததாக மூன்று நான்கு வாங்கலாம். ஒன்று நனைந்தால் மாற்ற இன்னொன்று இருக்கும். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்காத கையாகப் பாருங்கள். தலைத்துண்டை மாற்றச் சொல்லாதீர்கள். நனைத்துக் கட்டினால் அதைப்போல் குளிர்ச்சி வேறெதிலும் இல்லை. முதல் சம்பளம் என்கிறீர்கள், மிச்சப் பணத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

கேள்வி: கணவரின் மீன்பிடி ஜெர்சியை எத்தனை முறை துவைத்தாலும் நாற்றம் போகவில்லை. துணி மென்மையாக்கும் வாசனைத் திரவம்கூட ஊற்றிப் பார்த்துவிட்டேன். காட்டன் சட்டையில் இப்படி இல்லையே? (வாசகி, கடலூர்)

பதில்: அந்தத் திரவத்தை முதலில் நிறுத்துங்கள் சகோதரி. அது நூலின்மேல் மெழுகுபோல் படிந்து, வேர்வையைப் பரவவிடும் குணத்தையே கெடுத்துவிடும். பாலியெஸ்டர் தண்ணீரை ஏற்காது, ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். நாற்றம் குடியிருப்பது அந்த எண்ணெயில். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி, வழக்கத்தைவிடக் குறைவாகச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டுப் பையில் வைப்பது அவர் வேலை. ஈரத்தோடு சுருட்டி வண்டிப் பெட்டியில் போட்டு, மறுநாள் எடுத்து உங்களிடம் நீட்டினால் வினிகரும் தோற்றுவிடும்.