இயர்போனை மாற்றமுன் றப்பரை மாற்றிப் பாருங்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இயர்போன் முனையில் போடும் அந்தச் சின்ன றப்பரைப் பற்றியவை. உண்மையில் அது சிலிக்கோன். ஆனால் கடையில் றப்பர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பதால் இங்கும் றப்பர் என்றே எழுதுகிறோம்.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் வயர் இயர்போன் வாங்கினேன். தவில் கேட்டால் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது, தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் கேட்கவே இல்லை. விலை கூடியதை எடுங்கள் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா? (கொக்குவில்)

பதில்: இப்போதைக்குக் காசை வைத்திருங்கள். தவில் ஒலிக்கும்போதே இரண்டு இயர்போனையும் விரலால் மெதுவாக உள்ளே அமுக்குங்கள். தொப்பி சட்டென்று எழுந்து வந்தால் இயர்போனில் பிழை இல்லை. றப்பருக்கும் காதுக்கும் இடையால் காற்று போகிறது, அவ்வளவுதான்.

இயர்போனுக்குள் அதிரும் தகடு மிகச் சிறியது, பலவற்றில் 10 மி.மீ. அகலந்தான். அடைபட்ட சிறு இடத்துக் காற்றை அமுக்கித்தான் அதனால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கொடுக்க முடியும். மயிரளவு இடைவெளி இருந்தாலும் அந்த அமுக்கம் வெளியே போய்விடும். உயர்ந்த மீடிறன்களுக்கு இந்தப் பாதிப்பு குறைவு. அதனால்தான் வலந்தலை தப்புகிறது, தொப்பி தொலைகிறது.

இன்னும் திட்டமாகப் பார்க்க வேண்டுமானால் தொலைபேசியில் நாம் சொல்லும் மீடிறனில் ஒலி எழுப்பும் ஒரு இலவச ரோன் ஜெனரேற்றர் செயலியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு 200 ஹேர்ட்ஸிலிருந்து 40 வரை மெதுவாக இறக்குங்கள். 100க்குக் கீழே சத்தம் சட்டென்று விழுந்துவிட்டால் அடைப்பு சரியில்லாமல் இருக்கலாம். காது ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள்.

பெட்டியில் வரும் மூன்று சோடி றப்பர்களும் பொதுவாக 10 முதல் 11, 12, 13 முதல் 14 மி.மீ. அளவில் இருக்கும். இயர்போனில் ஏற்கெனவே மாட்டி வருவது நடுவளவு. அநேகர் மற்ற இரண்டையும் பெட்டியோடு எறிந்துவிட்டு, பிறகு இயர்போனைத் திட்டுகிறார்கள். பெரியது எப்போதும் நன்றாக அடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அளவு கூடினால் றப்பரின் ஓரம் மடிந்து சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தால் காற்றுப் போகும். காதுக்குள் இறுக்கம் இருக்கும், அடைப்பு இராது. சிலருக்குச் சிறியதே சரி, அது இன்னும் கொஞ்சம் உள்ளே போய் ஒழுங்காக உட்காரும்.

போடுகிற முறையும் உண்டு. காதுத்துவாரம் நேரான குழாய் அல்ல, கொஞ்சம் வளைந்தது. வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வாயைத் திறந்தபடி இயர்போனைச் சற்றுத் திருப்பி உள்ளே விட்டுவிட்டு மடலை விடுங்கள். நாதஸ்வரக்காரர் சத்தம் சரியில்லை என்றால் முதலில் ஊதும் நுனியில் செருகும் சீவாளியைத்தான் பார்ப்பார், குழலை விற்கப் போகமாட்டார்.

கேள்வி: இயர்போன் இடது காதில் கழராமல் நிற்கிறது. வலது பக்கம் மட்டும் நடக்கும்போது கழன்று விழுகிறது. (சாவகச்சேரி)

பதில்: இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று இல்லை. வலதுக்கு ஓரளவு பெரியதைப் போடுங்கள். சோடி பிரிந்தால் ஒரு பாதகமும் இல்லை. எண்ணெய் தேய்த்து முழுகிய நாளில் இது கூடுதலாக நடந்தால் காரணம் அதுதான். நல்லெண்ணெய் பட்ட சிலிக்கோன் காதில் பிடித்து நிற்காது. காதின் வாயைத் துணியால் துடைத்து, றப்பரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின் பாருங்கள். வயர் உள்ளதென்றால் வயரைக் காதுக்கு மேலால் எடுத்துப் பின்னால் விடுங்கள். நடக்கும்போது வயரின் பாரம் கீழே இழுக்காது.

கேள்வி: ஒன்லைனில் வேறு றப்பர் எடுக்க நினைக்கிறேன். என்ன அளவு பார்க்க வேண்டும்? புளூடூத் பட்ஸுக்கும் அதுவே பொருந்துமா? (மானிப்பாய், உயர்தர மாணவி)

பதில்: எஸ், எம், எல் என்பது காதுக்கான அளவு. அதைவிட முக்கியம் இயர்போனின் மூக்கின், அதாவது றப்பர் ஏறி நிற்கும் சிறு குழாயின், தடிப்பு. அது பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை. பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானி கையில் கிடைத்தால் நொடி வேலை. இல்லாவிட்டால் ஒடுக்கமாக வெட்டிய கடதாசியை மூக்கின் நுனி வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சேரும் இடத்தில் கோடு போட்டு நீளத்தை அளந்து 3.14ஆல் வகுங்கள். 17 மி.மீ. வந்தால் விட்டம் 5.4.

சாதாரண இயர்போன்களில் இது 4 முதல் 6 மி.மீ.க்குள் இருக்கும். ஷுவர், வெஸ்ற்றோன் போன்ற நிறுவனங்களின் இயர்போன்களில் மூக்கு ஏறத்தாழ 3 மி.மீ. ஒல்லி, அவற்றுக்குத் தனி றப்பர்தான். றப்பரின் துளை மூக்கைவிட ஒரு மி.மீ. வரை சிறிதாக இருக்கலாம், இழுபட்டுப் பிடிக்கும். பெரிதாக இருந்தால் காதுக்குள்ளேயே கழன்று நிற்கும்.

ஏற்கெனவே துளை பெரிய றப்பரை வாங்கிவிட்டீர்களா? ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப் கேளுங்கள். மூக்கில் இரண்டு மூன்று சுற்று இழுத்துச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். பழைய றப்பரின் நடுக்குழாயை 3 மி.மீ. நீளத்துக்கு வெட்டி மூக்கில் ஏற்றி, அதன்மேல் புதியதைப் போடலாம், இதுதான் கூடுதல் உறுதி. எது செய்தாலும் மூக்கின் அடியிலோ உடலிலோ இருக்கும் ஊசித்துளையை மூடாதீர்கள். அது காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வைத்த துளை. மூடினால் பேஸ் மாறும், காதில் போடும்போது தகடு டிக்கென்று மடங்கும் சத்தமும் வரலாம்.

பட்ஸுக்கு இன்னொரு அளவு பார்க்க வேண்டும்: உயரம். றப்பர் நீளமாக இருந்தால் பெட்டிக்குள் பட்ஸ் முழுதாக இறங்காது. மூடி மூடியது போலத் தெரியும், ஆனால் தொடுமுனை படாமல் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. பற்றரி போய்விட்டது என்று திருத்தக் கொண்டுவந்த பட்ஸில் காரணம் இதுவாக இருப்பது உண்டு. ஸ்பின்ஃபிட் சீபி360 போல பட்ஸுக்கென்றே கட்டையாகச் செய்தவற்றைத் தேடுங்கள். அப்பிளின் எயார்பொட்ஸ் புரோவுக்குச் சாதாரண றப்பர் ஏறாது. அதன் மூக்கு நீள்வட்டம், றப்பர் கொழுவி நிற்பது. ஐபோனில் அதற்கு அடைப்புச் சோதனையும் இருக்கிறது, செற்றிங்ஸில் பாருங்கள்.

காதின் அளவு தெரியாவிட்டால் ஒரே அளவில் மூன்று சோடி எடுக்க வேண்டாம், கலந்த பொதி எடுங்கள். ஃபைனல் நிறுவனத்தின் ஈ வகை எஸ்எஸ் முதல் எல்எல் வரை ஐந்து அளவில் வருகிறது. எஸ்ஸும் பெரிதாக இருக்கும் காதுகளுக்கு அந்த மிகச் சிறிய எஸ்எஸ் பெரிய உதவி.

கேள்வி: கிழமைக்கு ஒருதரம் இரவு பஸ்ஸில் கொழும்பு போகிறேன். ஃபோம் றப்பர் போட்டேன். பஸ் இரைச்சல் நன்றாகக் குறைந்தது, ஆனால் பாட்டு போர்த்திக்கொண்டு பாடுவது போல இருக்கிறது. (பருத்தித்துறை)

பதில்: ஃபோம் இரைச்சலை மட்டுமல்ல, பாட்டின் மேல்பகுதியையும், அதாவது உயர்ந்த மீடிறன்களையும், கொஞ்சம் உறிஞ்சும். பாட்டு கேட்க சிலிக்கோன், உறங்க ஃபோம் என்று இரண்டையும் பையில் வைத்திருப்பது ஒரு வழி. போடும் விதம் பிழையோ என்றும் பாருங்கள். ஃபோமை விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லியதாக்கி, உடனே உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உருட்டாமல் தள்ளினால் நுனி மடிந்து துளையை மூடிவிடும், போர்வைக்குள்ளிருந்து வரும் சத்தம் அதனாலும் இருக்கலாம்.

மூன்றாவது வழி வீட்டில் செய்வது, எங்களுக்கு அதுதான் பிடிக்கும். சிலிக்கோன் றப்பரின் பாவாடைக்குள், அதாவது விரிந்த வெளி ஓரத்துக்குள், ஃபோம் வளையம் ஒன்றை வைப்பது. துளை திறந்தே இருப்பதால் பாட்டின் தெளிவு போகாது, பாவாடை பின்னால் தாங்கு கிடைத்துக் காதோடு ஒட்டி நிற்கும்.

பாதுகாப்புச் சாமான் விற்கும் ஹாட்வெயாரில் தொழிலாளர் காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் ஒரு சோடி வாங்குங்கள். புதிய பிளேட்டால் தடித்த பக்கத்தில் 4 மி.மீ. தடிப்பான வட்டத்துண்டு ஒன்று வெட்டுங்கள். அமுக்கி வெட்டினால் சரிந்து போகும், அறுப்பது போல இழுத்து வெட்டுங்கள். நடுவில் துளை போட, பழைய ரேடியோ அன்ரனாவின் 4 மி.மீ. அளவான குழாய்த்துண்டு ஒன்றின் விளிம்பை அரத்தால் கூராக்கி, பலகையில் ஃபோமை வைத்துத் திருகி இறக்குங்கள். றப்பரின் பாவாடையை வெளிப்புறமாகப் புரட்டி, வளையத்தை நடுக்குழாயில் ஏற்றி, பாவாடையைத் திரும்ப மூடுங்கள். ஃபோம் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஓரத்தைக் கத்தரியுங்கள். அரை மணித்தியாலத்தில் காது நோகத் தொடங்கினால் துண்டு தடிப்பு, 3 மி.மீ.க்கு வெட்டி மாற்றுங்கள். முதல் இரண்டு துண்டு கோணலாகத்தான் வரும், ஒரு சோடி அடைப்பானில் போதிய துண்டு இருக்கிறது.

இரைச்சல் குறைந்தால் சத்தத்தையும் குறையுங்கள். வளர்ந்தவருக்கு 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இதே அடைப்போடு மோட்டார்சைக்கிள் ஓட வேண்டாம், பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ணும் கேட்காது.

கேள்வி: பாட்டில் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் காதில் ஊசி போலக் குத்துகிறது. றப்பரால் குறைக்கலாமா? (சுன்னாகம்)

பதில்: பல வேளை முடியும். றப்பர் நுனிக்கும் செவிப்பறைக்கும் நடுவில் உள்ள இடம் இருமுனையும் மூடிய குழாய் போல நடக்கிறது. பௌதிகவியலில் பரிவு படித்தவர்களுக்குத் தெரியும், குழாயின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் மீடிறன் மேலெழும். நீளம் 20 மி.மீ. என்றால் அது ஏறத்தாழ 8,600 ஹேர்ட்ஸ், குத்தும் எழுத்துகள் நிற்கும் இடத்துக்கு மிக அருகில். றப்பர் 5 மி.மீ. உள்ளே போனால் 11,400க்கு ஏறிவிடும், அங்கே அவ்வளவு உறுத்தாது. ஆகவே ஓரளவு சிறிய றப்பரை ஆழமாகப் போட்டுப் பாருங்கள், நோகாத அளவுக்கு மட்டும்.

போதாவிட்டால் துளை ஒடுக்கமான றப்பருக்கு மாறுங்கள். அகன்ற துளை மேல்பகுதியைக் கூடுதலாகத் திறந்துவிடும், ஒடுக்கமானது அடக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பாமசியில் காயத்துக்கு ஒட்டும் மைக்ரோபோர் ரேப் வாங்கி, மூக்கின் வலைக்கண்ணியில் பாதியை மூடும் அளவுக்கு ஒட்டி, மேலே றப்பரைப் போடுங்கள். கூடிப்போனால் உரித்துவிடலாம், இயர்போனுக்குச் சேதமில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவுத் துண்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பாடகர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார்.

கேள்வி: றப்பரை ஸ்பிரிற்றில் கழுவலாமா? (நல்லூர்)

பதில்: வேண்டாம். சிலிக்கோனைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி முழுதாக உலர்த்துங்கள். ஃபோமை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரிற் பட்டால் பொருபொருத்துப் போகும். எங்கள் வியர்வைக்கும் எண்ணெய்க்கும் ஃபோம் சில மாதங்கள்தான் தாங்கும், அமுக்கினால் மெதுவாக எழாமல் சப்பட்டையாகவே கிடந்தால் மாற்றுங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் அநேகமாகக் குறும்பிதான். இயர்போனின் மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். ஊசியால் கிண்டினால் வலைக்கண்ணி உள்ளே போய்விடும்.

கேள்வி: இயர்போனைக் கழற்றினேன், றப்பர் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. கிடுக்கியால் எடுக்கலாமா? (கோப்பாய்)

பதில்: எடுக்கப் போனால் இன்னும் உள்ளே தள்ளுவீர்கள். எண்ணெயும் விட வேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு, உரிய கருவியால் அது சின்ன வேலை. வீடு வந்த பிறகு இயர்போன் மூக்கின் விட்டத்தை அளந்து பாருங்கள், றப்பரின் துளை அதைவிடப் பெரிதாக இருக்கும்.