டிராப்பிஸ்ட்டில் நிழல் நகராது

கேள்வி: பூமி அளவிலேயே பாறைக் கோள், இரண்டாவது பூமி என்றெல்லாம் அடிக்கடி செய்தி வருகிறதே, அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும்?

பதில்: அந்த 'இரண்டாவது பூமி'யை முதலில் ஓரமாக வையுங்கள். வெள்ளியும் கிட்டத்தட்ட பூமி அளவுதான், பாறைதான். ஆனால் தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தமோ இங்கே இருப்பதுபோல 90 மடங்கு. அளவை வைத்து மட்டும் எழுதினால் அதையும் இரண்டாவது பூமி ஆக்கிவிடலாம்!

சரி, ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்றொரு சிவப்புக் குள்ள விண்மீன் (சூரியனைவிடச் சிறியது, சூடும் குறைவு), அதைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள் இருப்பது 2017-ல் தெரியவந்தது. நான்காவது கோளின் பெயர் 'இ' (ஆங்கில e). இங்கே 60 கிலோ இருப்பவர் அங்கே எடை பார்த்தால் 49 கிலோதான் காட்டும். ஓர் ஆண்டு ஆறே நாளில் முடிந்துவிடும்.

விண்மீனுக்கு அவ்வளவு நெருக்கத்தில் சுற்றுவதால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி, இதுவும் பெரும்பாலும் ஒரே பக்கத்தைத்தான் அதற்குக் காட்டிக்கொண்டிருக்கும். விடியலும் கிடையாது, அந்தியும் கிடையாது. பகல் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு நூறு வருடம் கழித்து வந்து பார்த்தாலும் நிழல் ஏறக்குறைய அதே இடத்தில் கிடக்கும், அதன் ஓரமும் மங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த வானத்தில் விண்மீன் நம் சூரியனைவிட நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். ஓவியங்களில் வானத்தை ரத்தச் சிவப்பாகத் தீட்டுகிறார்கள், அது கொஞ்சம் ஓவர். விண்மீனின் மேற்பரப்புச் சூடு சுமார் 2,300 டிகிரி, பழைய குண்டு பல்பின் கம்பியும் கிட்டத்தட்ட அந்தச் சூடுதான், அதனால் அதே மஞ்சள் கலந்த ஆரஞ்சு வெளிச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வருவதால் உடம்பில் சூடு உறைக்கும், கண்ணுக்கு மட்டும் பொழுது சாய்ந்ததுபோல இருக்கும். பக்கத்துக் கோள்கள் நெருங்கி வரும்போது நம் நிலா அளவுக்குத் தெரியும்.

அப்புறம் காற்று. எல்லாம் அதில்தான் இருக்கிறது. காற்று இருந்தால் பகல் பக்கத்துச் சூட்டை இருட்டுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும், இல்லாவிட்டால் அந்தப் பாதி உறைந்து கிடக்கும். முதல் கோளான 'பி', விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்ததில், அதன் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி என்று 2023-ல் தெரிந்தது. காற்றே இல்லாத மொட்டைப் பாறைக்குப் பொருந்துகிற சூடு அது. சிவப்புக் குள்ள விண்மீன்கள் அடிக்கடி கதிர்வீச்சைக் கக்கிச் சீறும், அந்தச் சீற்றம் காற்றை அரித்துவிடக்கூடும். 'இ' தள்ளி இருப்பதால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம், ஆனால் முடிவு இன்னும் வரவில்லை.

கேள்வி: போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அதே வேகத்தில் போனால் 7 லட்சம் ஆண்டுக்கு மேல். ரேடியோவில் 'ஹலோ' சொன்னால் 40 ஆண்டில் போய்ச் சேரும், பதில் வர இன்னொரு 40.