அந்த இரண்டு பவுன் சங்கிலி

கேள்வி: மகனும் மகளும் குரூப் 4 தேர்வு எழுதினார்கள். இருவரும் பி.சி. பிரிவுதான். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, மகனுக்குக் கிடைக்கவில்லை. “பொண்ணுங்களுக்குச் சலுகை கொடுத்தே எங்களை ஒழிச்சிட்டாங்க” என்கிறான். தங்கையோடு பேச்சே இல்லை. அவனைச் சென்னையில் கோச்சிங் சேர்க்க மகளின் இரண்டு பவுன் சங்கிலியைக்கூட அடகு வைத்தோம். அவன் மனசு நோகாமல் இருக்க, மகளைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லலாமா?
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: சொல்லக் கூடாது.

சங்கிலியைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் கழுத்திலிருந்து கழற்றியது அவனுக்குக் கட்டணமாகப் போனது. சரி, அவள் எங்கே படித்தாள்? கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அடுப்படி வேலை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து படித்திருப்பாள். இத்தனை வருடம் இப்படிப்பட்ட கடிதங்களைப் படிக்கிற எனக்கு அது தெரியும். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தன் வீட்டு வேலைகளைப் பார்க்கும் பெண்ணுக்கு அதிலேயே ஒரு நாளில் 299 நிமிடம் போகிறது. ஆணுக்கு 97. மிச்சமாகும் அந்த மூன்று மணி நேரத்துக்கும், அந்த இரண்டு பவுனுக்கும் உங்கள் வீட்டில் யாரும் சலுகை என்று பெயர் வைக்கவில்லை. ‘ஆம்பளப் பிள்ளை’ என்று சொல்லிவிட்டீர்கள்.

அப்புறம், பி.சி. பிரிவில் விண்ணப்பித்தானே, அதைச் சலுகை என்பானா? உரிமை என்பான். உரிமைதான். 1921-ல் நீதிக் கட்சி ஆட்சி, அரசு வேலைகளைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை போட்டது. 1951-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றபோது இங்கே எழுந்த கொந்தளிப்பில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் போராடி வாங்கிய இடம் அது. அந்த இடத்தில் அவன் நிற்கலாம், 1989-ல் அரசு வேலையில் பெண்களுக்கு வந்த 30 சதவீத இட ஒதுக்கீட்டில் தங்கை நிற்கக் கூடாதா? அவளையும்தானே பிறப்பைச் சொல்லி ஒதுக்கினோம்!

தப்பு அவன்மேல் மட்டும் இல்லை, அம்மா. எந்தப் பிள்ளைக்கு எது போகும் என்று அவனுக்குப் பழக்கியதே நீங்கள்தான். நகை போதாதென்று இப்போது அவள் சந்தோஷத்தையும் அடகு வைக்கப் பார்க்கிறீர்கள்.

அடுத்த தேர்வை அவன் எழுதட்டும். அதுவரை ஏதாவது ஒரு வேலைக்குப் போய், வட்டி கட்டி, சங்கிலியை மீட்டுத் தரட்டும். அது அண்ணனின் கடமை. அவள் சம்பளத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அடகுச் சீட்டு உங்கள் பீரோவில்தானே இருக்கிறது? இன்றைக்கே எடுத்து அவன் கையில் கொடுங்கள்.