ட்யூப் அடைத்தால் கை நடுங்குகிறது: ட்ரக்கியாஸ்டமிப் பயிற்சிக்கு விலை உயர்ந்த பொம்மை வேண்டுமா?

கேள்வி: எங்கள் தனியார் மருத்துவமனையில் ஐசியுவிலிருந்து ட்ரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் போடும் துளை) ட்யூபோடு வார்டுக்கு வரும் நோயாளிகள் கூடிவிட்டார்கள். எல்லா ஸ்டாஃப் நர்ஸுக்கும் ட்யூபில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் செய்யத் தெரியும். ட்யூப் அடைத்துக்கொண்டால்தான் தடுமாறுகிறார்கள். பயிற்சிப் பொம்மைக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா? (செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

சக்‌ஷன் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அடைப்பில் ஒரு கட்டத்தில் ட்யூபையே வெளியே எடுக்கும் முடிவுக்கு வர வேண்டும். ‘ட்யூப் வெளியே வந்துவிடக் கூடாது’ என்று வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் கேட்டுப் பழகிய நர்ஸ், வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார். நள்ளிரவில் கை எழாது. நடித்துப் பார்க்கும் பயிற்சி தேவைப்படுவது இதற்குத்தான்.

பிரிட்டனில் 2011-இல் வெளியான தேசிய மூச்சுப்பாதைத் தணிக்கை, ஐசியுவில் மூச்சுப்பாதையால் நேர்ந்த பெரும் விபரீதங்களுக்கு இடம் விலகிய ட்ரக்கியாஸ்டமி ட்யூபை முதன்மைக் காரணமாகச் சொன்னது. அடுத்த ஆண்டு அங்கே ஓர் அவசர வழிமுறை வந்தது. அதையே அடிப்படையாக வையுங்கள். உதவிக்கு ஆள் அழைத்து, முகத்திலும் கழுத்துத் துளையிலும் ஆக்சிஜன் வைக்க வேண்டும். பேச்சு வால்வையும் (நோயாளி பேசுவதற்காக ட்யூபில் மாட்டும், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு) மூடியையும் கழற்றி, உள்குழாயை (ட்யூபுக்குள் கழற்றி மாட்டும் குழாய்) எடுத்து, சக்‌ஷன் கதீட்டர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் கஃபின் (ட்யூபைச் சுற்றி மூச்சுக்குழாய்க்குள் ஊதியிருக்கும் சிறு பலூன்) காற்றை இறக்க வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் ட்யூபை எடுத்துவிட்டு, துளையைக் கையால் மூடி, வாய்வழியே ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை). துளை போட்டு ஒரு வாரம் ஆகாதவருக்கு ட்யூபை மறுபடி திணிப்பது ஆபத்து. அது மூச்சுக்குழாய்க்கு வெளியே இறங்கிவிடலாம்.

ட்யூபை நர்ஸ் எடுக்கலாமா, எப்போது எடுக்கலாம் என்பதை மயக்க மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் முதலில் எழுத்தில் வாங்குங்கள். அதிகாரம் இல்லாத செயலுக்குப் பயிற்சி கொடுத்தால் குழப்பம்தான் கூடும்.

உங்களிடம் இருக்கும் சிபிஆர் பொம்மையே போதும். கழுத்தில் துளையிட்டு, வென்டிலேட்டர் சர்க்யூட் குழாயில் ஒரு துண்டை உள்ளே பொருத்துங்கள். உள்குழாயில் ஜெல் தோய்த்த பஞ்சை அடைத்தால் சளிக்கட்டி தயார். சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இறங்குவதை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மற்றதெல்லாம் அசலாக இருக்க வேண்டும்: உங்கள் வார்டு, உங்கள் ட்ராலி, நீங்கள் வாங்கும் அதே ட்யூப். சில ட்யூப்களில் உள்குழாயைத் திரும்ப மாட்டினால்தான் ஆம்பு பேக் பொருந்தும். இதை நெருக்கடியில் தெரிந்துகொள்ளக் கூடாது. அதே அளவிலும் ஓர் அளவு சிறியதாகவும் மாற்று ட்யூப் கட்டிலருகே இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பயிற்சிக்கு எடுத்த பொருள் நோயாளிகளின் பொருளோடு கலக்காமல் குறியிட்டு வையுங்கள்.

அடைப்பு பழகியபின், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது ட்யூப் விலகுவதையும், கஃப் ஊதியிருக்கும்போது யாரோ பேச்சு வால்வை மாட்டிவிடுவதையும் வையுங்கள். இரண்டாவதில் நோயாளியால் மூச்சை இழுக்க முடியும், விட முடியாது. குரல்வளையை முழுதாக அகற்றியவரின் நிலையையும் விடாதீர்கள். அவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. துளை ஒன்றே வழி. ஆகவே ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அறுவை நடந்த தேதி, ட்யூப் அளவு, மேல்வழி (வாய், மூக்கிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி) திறந்திருக்கிறதா என்று எழுதிய அட்டை தொங்கட்டும்.

பத்து நிமிடம் நடித்தால் இருபது நிமிடம் பேசுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று தொடங்காமல், ‘அப்போது எதைப் பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள்’ என்று கேளுங்கள். மூத்தவர்கள் அங்கே கடிந்துகொண்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டூட்டி டாக்டரும் அதே பயிற்சியில் நிற்க வேண்டும். இரவு ஷிப்டுக்கும் நடத்துங்கள்; ஆள் குறைவாக இருப்பது அப்போதுதான்.

வீட்டுக்குப் போன பிறகு சக்‌ஷன் செய்யப்போவது மனைவியோ மகனோதான். அவர்களுக்கும் இதே பொம்மைதான். உள்குழாயைக் கழற்றி, கழுவி, மாட்டி, அடைப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் தம் கையால் செய்து காட்டிய பிறகே டிஸ்சார்ஜுக்குச் சரி சொல்லுங்கள்.