கூச்சம் இருக்கட்டும், குறிப்பேட்டை எடு

கேள்வி: நான் 11ஆம் வகுப்பு மாணவி. எங்கள் பள்ளியில் இதழியலும் ஊடகத் தயாரிப்பும் ஒரு பாடம். மாதம் ஒரு செய்தித் தொகுப்பு வீடியோ தயாரிக்கிறோம். கேமரா முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மாணவிகள் கழிவறையில் தண்ணீர் வராதது பற்றி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். 'இது புகார், செய்தி இல்லை' என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டிலோ, படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்கிறார்கள். எனக்கு இந்தத் துறை சரிவருமா?

பதில்: அன்பு மகளே,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரிவரும். எல்லோரும் முணுமுணுத்துவிட்டுப் போகிற ஒரு வறண்ட குழாயைப் பார்த்து, 'இதை எழுத வேண்டும்' என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கடினம். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

உன் ஆசிரியை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. 'தண்ணீர் வருவதே இல்லை, யாரும் கவலைப்படுவதில்லை' என்று எழுதியிருந்தால் அது புகார்தான். எந்தக் கிழமை வரவில்லை, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை குழாய்களில் எத்தனை வேலை செய்கின்றன என்று இரண்டு வாரம் தேதி போட்டுக் குறித்துவை. தினமும் இல்லை, மதிய இடைவேளைக்குப் பிறகு மட்டும்தான் நிற்கிறது என்று தெரியவரலாம். அப்போது உன் கேள்வியே மாறிவிடும். தொட்டி போதவில்லையா, மோட்டார் போடும் நேரம் சரியில்லையா, எங்காவது கசிகிறதா? இதைக் கேட்டுக்கொண்டு நீ ஆட்களைத் தேடிப் போகும்போது செய்தி ஆரம்பிக்கிறது. நிர்வாகம் சொல்லும் விளக்கத்தையும் வாங்கி, அதன் அர்த்தம் சிதையாமல் போடு. பதில் சொல்ல மறுத்தால், என்றைக்குக் கேட்டாய் என்பதோடு அதையும் எழுது. இவ்வளவும் இருக்கிற செய்தியைத் திருப்பிக் கொடுப்பது யாருக்கும் எளிதில்லை.

படம் எடுக்கும்போது மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கழிவறைக்குள் ஆள் இருக்கும்போது கேமரா அந்தப் பக்கமே போகக் கூடாது. வகுப்புகள் முடிந்தபின், அனுமதி வாங்கி, வெறும் குழாயை மட்டும் எடு. சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பேட்டி எடுத்தால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பெயர் போடமாட்டேன் என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்தால், அவள் முகமும் குரலும்கூட அவளைக் காட்டிக்கொடுக்கும் என்பதை மறக்காதே.

சரி, கூச்சத்துக்கு வருவோம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் பேட்டியில் அடிக்கடி செய்கிற தப்பு, எதிரில் இருப்பவர் கொஞ்சம் தயங்கியதும் தாங்களே வாக்கியத்தை முடித்துவைப்பது. உனக்கு அந்த ஆபத்து குறைவு. அவர் பதில் சொல்லி நிறுத்தியதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. பல நேரங்களில் முக்கியமான விஷயம் அந்த ஐந்துக்குள் வந்து விழும். 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துபோகிற கேள்விகளைத் தவிர்த்து, 'அன்றைக்கு என்ன நடந்தது, முதலில் இருந்து சொல்லுங்கள்' என்று கேள். எழுந்து வருவதற்கு முன்னால், 'நான் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?' என்றும் கேட்டுவிடு.

பெயரை இனிஷியலோடு அவர்கள் கையாலேயே எழுதி வாங்கு. எண்களைத் திருப்பிச் சொல்லிச் சரிபார். இதை நான் கற்ற விதம் இன்னும் வலிக்கிறது. பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியபோது, ஓய்வுபெறும் காவலாளி பற்றி எழுதினேன். அவர் 31 வருடம் வேலை பார்த்தவர். நான் 13 என்று எழுதிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டி, 'மீதி வருஷமெல்லாம் எங்கம்மா போச்சு?' என்று மட்டும் கேட்டார். அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். அதற்குள் அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டிருந்தார்.

தயாரிப்பு வேலையில் ஒலியை முதலில் கற்றுக்கொள். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் விட்டுவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்து. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பதிவு செய்யும்போதே ஹெட்போன் போட்டுக் கேள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்துகொள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்கள் துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்க அது உதவும். கேமராவை ஆட்டாமல் ஒவ்வொரு ஷாட்டையும் 10 விநாடி பிடி. பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் இருண்டுவிடும். அவர் முகத்தோடு கைகளையும், அவர் செய்கிற வேலையையும் தனித்தனியாக எடுத்துவை. பேட்டியை வெட்டி ஒட்டும்போது அந்தக் காட்சிகள்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று, காதுக்கு எழுதுவது வேறு. தாளில் 4,987 லிட்டர் என்று போடலாம். குரலில் 'ஏறக்குறைய ஐயாயிரம் லிட்டர்' என்றால்தான் மனதில் நிற்கும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடு. இதில் கொஞ்சம் தேறினால், குரல் மட்டும் கொடுக்க உனக்கே ஆசை வரும். கேமரா முன்னால் நிற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆசைப்படுகிற தோழிகள் நிற்கட்டுமே.

வீட்டில் வாதாட வேண்டாம். மாதம் ஒரே ஒரு செய்தி, பரீட்சை மாதத்தில் அதுவும் இல்லை என்று நீயே ஒரு கணக்குச் சொல்லிவிடு. அறிவியலோ பொருளாதாரமோ நன்றாகப் படித்த செய்தியாளருக்கு இந்தத் தொழிலில் தனி மதிப்பு உண்டு என்பதையும் அவர்களிடம் சொல்.

நாளை காலை மோட்டார் போடுகிறவரிடம் முதலில் போ. எத்தனை மணிக்குப் போடுகிறார், எப்போது நிறுத்துகிறார், தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேள். அவர் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்.