மரபு நடை போதுமா, ஒன்றுகூடல் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் மரபுச் சங்கத்தில் நிகழ்ச்சிகளுக்கு நான் பொறுப்பு. மாதம் ஒரு மரபு நடை (ஊரின் பழைய கட்டடங்களையும் இடங்களையும் நடந்தே பார்த்துத் தெரிந்துகொள்வது), வருடத்துக்கு இரண்டு வெளியூர்ப் பயணம், அவ்வப்போது குடும்பத்தோடு ஒன்றுகூடல் என்று நடத்துகிறோம். ‘கூடிப் பேசிச் சிரித்து என்ன கண்டோம்? ஆவணப்படுத்தும் வேலையைப் பாருங்கள்’ என்று மூத்த உறுப்பினர்கள் கோபப்படுகிறார்கள். புதிதாக வருகிறவர்களோ, மூன்று மணி நேரம் நின்றபடி எது எந்த ஆண்டு கட்டியது என்ற விவரங்களைக் கேட்டுவிட்டு அடுத்த மாதம் வருவதில்லை. நான் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

எதையும் விட வேண்டாம். நடை ஒரு நாள், ஒன்றுகூடல் வேறொரு நாள் என்று பிரித்து வைத்திருப்பதுதான் சிக்கல். இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள். முன்பாதி நடை, பின்பாதி உட்கார்ந்து பேச்சு. உங்கள் மூத்தவர்கள் கேட்கிற ஆவணம் அந்தப் பின்பாதியில்தான் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு கட்டடத்தின் நீள அகலத்தை அடுத்த வருடம் போயும் அளக்கலாம். அதில் யார் குடியிருந்தார்கள், முன்வாசலை ஏன் அடைத்தார்கள், மாடியில் நடந்த பள்ளிக்கூடம் எப்போது நின்றது என்பதெல்லாம் வயதான இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த செய்தி. அவர்கள் முன்னால் மைக்கை நீட்டி ‘உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்’ என்றால் வாய் வராது. பக்கத்தில் அவர்கள் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்து, ‘இல்லையே, கதவு அந்தப் பக்கம்தானே இருந்தது’ என்று மறுத்துப் பேசட்டும். அப்புறம் நிறுத்த முடியாது. யுனெஸ்கோ 2003-இல் நிறைவேற்றிய உடன்படிக்கை வாய்மொழி வழக்குகளையும் கைத்தொழில் அறிவையும் சடங்குகளையும் மரபு என்றே ஏற்றிருக்கிறது. மரபு என்றாலே கல்லும் சுண்ணாம்பும்தான் என்று நினைக்கிற உறுப்பினரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை, வருகிறவர்கள் எல்லோரும் வீட்டிலிருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவரட்டும். நாலைந்து பேராக மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக, எடுத்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, இதையெல்லாம் சொன்னவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவரின் பெயரைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பின்னால் சரிபார்க்க வேண்டியிருக்கும்போது அதுதான் தேவைப்படும். படத்தின் பின்புறத்தில் எழுதியே ஆக வேண்டுமென்றால், ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் படத்தின் முகப்பில் தடமாகத் தெரியும், மையும் ஊறலாம். ஃபிளாஷ் போடாமல், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுத்துவிட்டு, அசலை அன்றைக்கே உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘அப்புறம் தருகிறோம்’ என்று வாங்கி வைத்த ஒரு படம் காணாமல் போனால், சங்கத்தின் மீது ஊருக்கிருக்கும் நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும்.

பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால், முதலில் சம்மதம் கேளுங்கள். அந்தச் சம்மதம், பேசுகிறவரின் பெயர், தேதி, இடம் நான்கும் பதிவின் தொடக்கத்திலேயே குரலாக இருக்கட்டும். இரண்டு பேர் மாறுபட்டுச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது சரி என்று அந்த மேசையில் தீர்ப்பு வேண்டாம்.

இனி நடை. மூன்று மணி நேரம் மிக அதிகம். ஒன்றரை மணி நேரம், இரண்டு கிலோமீட்டருக்குள், ஆறேழு நிறுத்தம் போதும். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச்சு வேண்டாம். இருபது பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பின்வரிசைக்குக் குரல் எட்டாவிட்டால் அவர்களுக்குள் வேறு பேச்சு தொடங்கிவிடும். முந்தைய வாரம் அதே நேரத்தில் நீங்களே ஒருமுறை நடந்து, நிழல், உட்கார இடம், கழிப்பறை, சாலை கடக்குமிடம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். விளக்குகிறவர் சூரியனைப் பார்த்து நிற்கட்டும், கேட்பவர்களுக்கு வெயில் முதுகில் விழட்டும். கைத்தடி ஊன்றி வருகிறவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 2006-இல் இறந்தபின், அவர் நினைவாக 2007-இல் டொராண்டோவில் ஒரு நடை தொடங்கினார்கள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். நடந்துகொண்டே பேசுவதுதான் அதன் முறை. ஒருவர் சொற்பொழிவாற்ற மற்றவர்கள் தலையாட்டும் வழக்கம் அங்கே இல்லை. நீங்களும் நிறுத்தத்துக்கு ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள். ‘இந்தத் தூண்களில் எது பிறகு வைத்தது?’ என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் பேசாமல் இருங்கள். முதல்முறை வந்தவரும் நிமிர்ந்து பார்ப்பார், தூணைத் தொடுவதற்குக் கையும் நீட்டுவார்.

இந்தத் தொடுகிற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நடை கிளம்பும் முன்பே, ஓவியத்திலும் நுண்ணிய செதுக்கலிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தோலின் எண்ணெயும் வியர்வையின் உப்பும் அங்கேயே தங்கிவிடும். கல்வெட்டில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தேய்ப்பதை எந்த ஆர்வலர் செய்தாலும் தடுங்கள். பொடி எழுத்தின் குழியில் தங்கிவிடும். அதைக் கழுவித் தேய்க்கப் போனால் கல்லும் தேயும். கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலே ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். மைப்படி எடுப்பது, அதாவது கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றிப் படியெடுப்பது, அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. நேசிக்கிறவர்கள் கையாலேயே ஒரு கல்வெட்டு கெடுவதைப் போல வேதனை தருவது எனக்கு வேறில்லை.

வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளில் இரண்டு இடம் போதும். தனியார் வீடு என்றால் எத்தனை பேர், எந்த நேரம், படமெடுக்கலாமா என்று உரிமையாளரிடம் முன்பே கேளுங்கள். திரும்பியபின் நன்றிக் கடிதத்தோடு எடுத்த படங்களையும் அனுப்புங்கள். பிரான்ஸில் 1984-இல் நினைவுச் சின்னங்களின் கதவுகளை மக்களுக்குத் திறந்துவிடும் நாள் ஒன்றைத் தொடங்கினார்கள். அது வளர்ந்து இன்று ஐரோப்பா முழுவதும் மரபு நாள்களாக நடக்கிறது. உங்கள் ஊரிலும் வருடத்தில் ஒரு நாள், வழக்கமாகப் பூட்டியிருக்கும் ஒரே ஒரு கட்டடத்தைத் திறக்கச் சம்மதம் வாங்க முடிந்தால், பத்து நடைகளுக்கு வராத கூட்டம் அதற்கு வரும்.

புதியவர்களுக்காக ஒருவரைத் தனியாக நியமியுங்கள். வாசலில் நின்று பெயரைக் கேட்டு, ஏற்கெனவே வந்து பழகிய ஒருவரின் பக்கத்தில் உட்கார வைப்பது மட்டும்தான் அவர் வேலை. தனியாக வருகிறவர் முழு நேரமும் தனியாகவே நின்றுவிட்டுப் போனால், நீங்கள் எவ்வளவு அருமையாக விளக்கியிருந்தாலும் மறுபடி வரமாட்டார்.

கோபப்படும் மூத்தவரிடம் வாதாட வேண்டாம். அந்தப் புகைப்பட மேசையின் குறிப்பேட்டை அவரே எழுத வேண்டும் என்று நேரில் போய்க் கேளுங்கள். எதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஏப்ரல் 18 உலக மரபு நாள். புதிய முறையில் முதல் நிகழ்ச்சியை அதையொட்டிய விடுமுறை நாளில் வைத்தால், ஆயத்தம் செய்ய அவருக்கும் அவகாசம் இருக்கும்.