கைக்கருவி பேச மறுக்கிறது: கேள்வி பதில்

பாவ்ஃபெங் யூவி-5ஆர் வகை ஹாம் (அமெச்சூர் வானொலி) கைக்கருவிகளில், கணினியிலுள்ள சிர்ப் என்ற இலவச மென்பொருள் மூலம் சேனல்களைப் பதியும்போது எழுந்த சந்தேகங்கள் இவை.

கேள்வி: 'கருவி பதிலளிக்கவில்லை' என்றே கணினி சொல்கிறது. செட் புதிது. திருப்பிக் கொடுத்துவிடலாமா ஐயா?

பதில்: பொறுங்கள். கணினியையும் செட்டையும் இணைக்கும் கேபிளின் பிளக்கை முதலில் பாருங்கள். அதில் 3.5 மில்லிமீட்டரில் ஒன்றும் 2.5 மில்லிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு முனைகள் இருக்கும். பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பு செட்டின் உடலில் இடித்தால் முனைகள் முழுதாக உள்ளே போகாது. பார்வைக்கு மட்டும் சரியாகப் பொருந்தியதுபோல் இருக்கும். அழுத்தமாகத் தள்ளுங்கள். நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிவிட்டு, பிளேடால் அந்த விளிம்பைச் சீவிய பிறகுதான் வழிக்கு வந்தது. செட் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே மறந்ததுண்டு.

கேள்வி: விண்டோஸில் கேபிளுக்கு எதிரே மஞ்சள் எச்சரிக்கைக் குறி, 'கோட் 10' என்கிறது.

பதில்: கணினியின் யூஎஸ்பி வழியே செட்டோடு பேச, கேபிளுக்குள் ஒரு சில்லு இருக்கும். மலிவான கேபிள்கள் பலவற்றில் இருப்பது பிஎல்2303 என்ற சில்லின் போலி. அந்தச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரின் புதிய பதிப்பு அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுக்கிறது. 3.2.0.0 என்ற பழைய டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தானாகப் புதியதை மறுபடி நுழைத்துவிடும்; அப்போது திரும்பவும் இதே வேலைதான். சலித்துப்போனால் எஃப்டிடிஐ சில்லு உள்ள கேபிள் வாங்குங்கள். விலை கூடுதல், தலைவலி குறைவு.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். உபுண்டு 22.04இல் கேபிளைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைகிறது.

பதில்: உங்களுடையது சிஎச்340 சில்லு கேபிளாக இருக்கும், தம்பி. பிரெய்ல் கருவிகளுக்கான 'பிஆர்எல்டிடிஒய்' என்ற நிரல் அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள். பிறகும் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

கேள்வி: நண்பரின் ஃபைலை அப்படியே என் செட்டில் ஏற்றலாமா?

பதில்: கூடாது. அதில் சேனல்களோடு அவருடைய செட்டின் உள் அமைப்புகளும் இருக்கும். முதலில் உங்கள் செட்டிலிருந்து படித்து, அந்தப் பிரதியைத் தொடாமல் சேமித்து வையுங்கள். நண்பரிடம் சேனல் பட்டியலை மட்டும் சிஎஸ்வி ஃபைலாகக் கேட்டு வாங்கி, உங்களுடையதில் இறக்குமதி செய்யுங்கள்.

கேள்வி: ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) தெளிவாகக் கேட்கிறது. நான் அழைத்தால் திறப்பதில்லை.

பதில்: ரிப்பீட்டருக்கு அனுப்பும் அலைவரிசை, கேட்கும் அலைவரிசையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். 2 மீட்டர் அலைநீளப் பட்டையின் ரிப்பீட்டர் என்றால், தள்ளும் திசையைக் காட்டும் டூப்ளெக்ஸ் கட்டத்தில் கழித்தல் குறி, தள்ளும் அளவைக் காட்டும் ஆஃப்செட்டில் 0.6 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதா? இருந்தால் கோளாறு டோனில்தான், அதாவது ரிப்பீட்டரைத் திறக்க நம் குரலோடு போகும் மெல்லிய ஒலியில்தான். டோன் எண்ணைச் சரியாக எழுதிவிட்டு, பக்கத்திலுள்ள 'டோன் மோட்' கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. அது காலியாக இருந்தால் எண் இருந்தும் டோன் போகாது.

கேள்வி: விண்வெளி நிலையத்தை 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்க மட்டும் ஒரு சேனல் வேண்டும். கை தவறிப் பேசும் பொத்தானை அழுத்திவிட்டால்?

பதில்: அந்தச் சேனலின் டூப்ளெக்ஸில் 'ஆஃப்' என்று வையுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் ஒலிபரப்பு போகாது.